யாரிடம் வாங்குவது?

பாலக்கோடு தக்காளியை நான்கு கடை ஏறி, அழுத்திப் பார்த்து வாங்கலாம். மின்சாரத்துக்கு ஒரே கடை. பலகை மட்டும் மாறும்: மின்வாரியம், 2010இல் டான்ஜெட்கோ, 2024இல் மின் பகிர்மானக் கழகம். ஃபியூஸ் கட்டை அதேதான்.

விற்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2003 மின்சாரச் சட்டம் தந்திருக்கிறது. சின்ன நிபந்தனை: ஒரு மெகாவாட்டுக்கு மேல் தேவை இருக்கவேண்டும். பசுமை மின்சாரமென்றால் 2022 முதல் 100 கிலோவாட்டே போதுமாம். பென்னாகரத்துப் பாட்டி வீட்டில் இரண்டு பல்பு, ஒரு ஃபேன், மழைக்காலத்தில் ஓடாத ஒரு மிக்சி.

2022 ஆகஸ்டில் கட்டண உயர்வு பற்றி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் மக்கள் கருத்தைக் கேட்டது. செப்டம்பரில் கட்டணம் ஏறியது. ஐயா, அடுத்த கூட்டத்தை எங்கள் தருமபுரியில் வையுங்கள். அன்றைக்காவது கரண்ட் போகாது.