உறைபனித் திணை: கேரவனில் குளிர் காத்தல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. தோற்றம்

ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்கோய் மலைச்சாரலில் இஸ்னி என்றோர் ஊர். சாட்டையும் பனிச்சறுக்குக் கையுறையும் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ், வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றவேண்டியிருந்தது. துணைவி ஃப்ரீடல் ஓர் ஓவியர். இருவரும் சேர்ந்தே போய்வர, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் குடில் ஒன்றை 1931இல் ஆரிஸ்ட் செய்தார். ஜெர்மனியின் முதல் கேரவன் என்று அது போற்றப்படுகிறது. ஆகவே கேரவன் என்பது பாலைத்திணைக்குரிய பிரிவை ஒழிக்கப் பிறந்த கருவி என்பது பெறப்படும். பிரிவு போன இடத்தில் எது வந்து குடியேறியது என்பதே இவ்வாராய்ச்சியின் பொருள்.

2. முதலும் கருவும்

நிலம் மலை. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம். தொல்காப்பியர் வகுத்தபடி பார்த்தால் இது ஐயத்துக்கு இடமின்றிக் குறிஞ்சி. ஆனால் கருப்பொருள் வேறுபடுவதால் தனித்திணையாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

தெய்வம்: 11 கிலோ எரிவாயு சிலிண்டர். உணவு: பாலாடைக்கட்டி உருக்கிப் புரட்டிய கேஸ்ஷ்பெட்ஸ்லே. மரம்: டயர் தரையோடு உறைந்து ஒட்டாதிருக்க அடியில் கொடுக்கும் பலகை. பறை: ஹீட்டரின் விசிறி. நீர்: கழிவுநீர்த் தொட்டி உறையுமென்று அதன் குழாயைத் திறந்துவிட்டு, கீழே வைத்த வாளி; விடிந்தால் அதில் நீர் இராது, வாளி அளவுக்கு ஒரு பனிக்கட்டி இருக்கும். தொழில்: கூரைப் பனியை வாரித் தள்ளிப் புகைக்குழாயைத் தேடுதல்.

தெய்வத்தின் குணமறிந்து வழிபட வேண்டும். புரோப்பேன் −42 டிகிரியில் கொதிப்பது. ஆல்ப்ஸ் குளிரிலும் ஆவியாகி அடுப்புக்கு வரும். பியூட்டேனோ 0 டிகிரியை நெருங்கும்போதே திரவமாக முடங்கிவிடும். சிலிண்டர் கனக்கும், அடுப்பு எரியாது. இருந்தும் அருளாத தெய்வம் இது ஒன்றே.

3. அளவை

சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்பதை அறிய மூன்று அளவைகள் உண்டு. தூக்கிப் பார்ப்பதும் எடை போடுவதும் காண்டல். வெந்நீர் ஊற்றி, எந்த மட்டத்துக்குக் கீழே தகடு சில்லென்று இருக்கிறது எனத் தடவி அறிவது கருதல். “இன்னும் பாதி இருக்கும், பேசாமல் படு” என்று கணவர் சொல்வது உரை. கடைசி அளவையை நம்பியவர் எவரும் விடியும்வரை தூங்கியதில்லை. 6 கிலோவாட் ஹீட்டர் முழுவேகத்தில் மணிக்கு அரைக் கிலோ அளவுக்கு எரிக்கும். அப்படி எரித்தால் 11 கிலோவும் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

4. மூடுவோரும் திறப்போரும்

வெம்மை காப்பதில் இரு கட்சியார் உளர். வெப்பம் இடுக்கு வழியே ஓடுவதால் இடுக்கெல்லாம் அடைக்க என்பர் மூடுவோர். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. திறப்போர் இதை மறுப்பர். உறங்கும் இருவர் மூச்சாலும் வியர்வையாலும் ஓரிரவில் விடும் நீர் அரை லிட்டருக்குக் குறையாது. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கும். ஹீட்டருடையது புகைக்குழாய் வழியே வெளியேறும். சமையல் அடுப்பினுடையது உள்ளேயே தங்கும். 20 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 9 டிகிரிச் சுவரைத் தொட்ட மாத்திரத்தில் நீராகத் தொடங்கும். அலமாரி மூலை நனையும், மெத்தையின் அடி நனையும். நனைந்த மெத்தை எத்தனை போர்வைக்கும் அடங்காமல் குளிரும்.

ஆதலால் காலையும் மாலையும் சில நிமிடம் எல்லாவற்றையும் அகலத் திறந்து ஈரக்காற்றை விரட்டுவதே முறை. வெளியிலிருந்து வருவது குளிர்ந்தாலும் வறண்ட காற்று, விரைவில் சூடேறும். இருக்கைத் திண்டுக்கும் சுவருக்கும் இடையே வெப்பக்காற்று ஏற வழிவிடுவதும் இதன்பாற்படும். திறப்போர் கட்சியே வென்றது.

தரையிலும் கூரையிலும் உள்ள நிலையான காற்றுத்துளைகளை அடைப்பதும், சமையல் அடுப்பைக் கணப்பாக எரிப்பதும் குறித்து ஆய்வாளர் நகையாடுவதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொல்லும். எச்சரிக்கைக் கருவி இல்லாமல் படுக்கலாகாது.

5. உரிப்பொருள்

குறிஞ்சிக்குரியது கூடல். இத்திணைக்கோ, மருதத்துக்குரிய ஊடலே உரித்து. பகலில் அது சாளரத்தைப் பற்றி நிகழும்: திறந்தவர் யார், மூட மறந்தவர் யார் என. யாமத்தில் சிலிண்டரைப் பற்றி நிகழும்: தீர்ந்ததை எழுந்துபோய் மாற்றுபவர் யார் என. விசிறி மட்டும் குளிர்ந்த காற்றை ஊத, இருவரும் விழித்துக்கொண்டே உறங்குவர். ஒன்று தீர்ந்ததும் மற்றொன்றுக்குத் தானே மாறும் இணைப்பு கடைகளில் கிடைக்கிறது. அது ஊடலை ஒத்திவைக்குமே தவிர நீக்காது; இரண்டாவதும் தீரும்.

6. முடிபு

இதுகாறும் கண்டவற்றை ஒரு நூற்பாவில் அடக்கலாம்:

வெம்மை வேண்டுநர் சாளரம் திறக்க;
கலன்ஒழி யாமத்து எழுக என்ப.

உரை: ஈரம் நீங்காக்கால் வெம்மை நில்லாது ஆகலின், ‘திறக்க’ என்றார். ‘எழுக’ என்பதற்கு எழுவாய் கூறாது விட்டது என்னையெனின், ஆரிஸ்ட், ஃப்ரீடல் காலந்தொட்டு இன்றுவரை அது துணியப்படாமையின் என்க.