முப்பது ஆண்டு நட்பை ஒரே தேர்தலில் முடிக்க ஏழு படிகள்

பள்ளிக்கூடச் சிநேகிதம் லேசில் சாகாது. கடன் கொடுத்துப் பார்த்திருப்பீர்கள், அப்போதும் பிழைத்திருக்கும். கவலை வேண்டாம், தேர்தல் இருக்கிறது. சொன்னபடி செய்யுங்கள்.

1. பெயர் சூட்டுங்கள். நண்பருக்குப் பெற்றோர் வைத்த பெயரை மறந்துவிடுங்கள். ‘இருநூறு ரூபா உ.பி.’, ‘சங்கி’, ‘அடிமை’, ‘தும்பி’, ‘தற்குறி’ என்று அவர் கட்சிக்குப் பொருந்துவதை ஒட்டுங்கள். ஒட்டியபின் அவர் பேசுவதைக் கேட்க வேண்டியதில்லை. நேரம் மிச்சம்.

2. களத்தைத் தேர்ந்தெடுங்கள். டீக்கடை ஆகாது, பாதியில் சிரிப்பு வந்துவிடும், காசு கொடுக்கும்போது பாசமும் பொங்கும். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுதான் சரி. யாராவது மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டிருப்பார். அதற்கு நேர் கீழே உங்கள் வீடியோவை இறக்குங்கள். வாழ்த்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

3. ஆண்டை மாற்றுங்கள். அவர் தெருச் சாக்கடையைப் பற்றிக் கேட்டால், நீங்கள் 1976 தி.மு.க. ஆட்சிக் கலைப்பைப் பற்றிப் பேசுங்கள். அதற்கும் பதில் வைத்திருந்தால் 1967 ஆட்சி மாற்றத்துக்குப் போங்கள். இருவருமே பிறந்திராத ஆண்டென்றால் சண்டை நன்றாகப் பிடிக்கும்.

4. குடும்பத்தை இழுங்கள். அவர் மனைவி இலவசப் பேருந்தில் போவதைச் சொல்லிக் காட்டுங்கள். அதற்குமுன், உங்கள் வீட்டு இலவச மிக்சியில் இருக்கும் அம்மா படத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

5. ஆற விடாதீர்கள். 2024-ல் ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டுவிட்டு, ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தோம். எத்தனையோ பேர் அந்த இடைவெளியில் சமாதானமாகி வீணாய்ப்போனார்கள். எண்ணிக்கை நாளில் காலை எட்டு மணிக்கு, தபால் ஓட்டுக் கட்டைப் பிரிக்கும்போதே பட்டாசு வீடியோ அனுப்புங்கள். மதியம் நிலவரம் மாறினால் குற்றவாளி வாக்கு இயந்திரம்தான்.

6. கூட்டணி ஆபத்து. பா.ம.க. 1998-ல் அ.தி.மு.க.வோடு, 1999-ல் தி.மு.க.வோடு, 2001-ல் அ.தி.மு.க.வோடு, 2004-ல் மறுபடி தி.மு.க.வோடு நின்றது. தலைவர்கள் இப்படித் திடீரென்று சால்வை போர்த்திக்கொண்டால், நண்பரும் நீங்களும் ஒரே அணியில் மாட்டிக்கொள்வீர்கள். பதறாதீர்கள். தலைவர் சேர்ந்தால் ராஜதந்திரம். நண்பர் கைநீட்டினால் சந்தர்ப்பவாதம். பழைய உதாரணங்களையும் தவிருங்கள். பொதுவாழ்வில் ராஜாஜியோடு பல பத்தாண்டுகள் மோதிய பெரியார், 1972 டிசம்பரில் அவருடைய இறுதிச் சடங்குக்கு 93 வயதில் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். கொள்கைப் பிடிப்பு உங்களளவுக்கு இல்லை, பாவம்.

7. எண்ணை அழியுங்கள். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், காரை எடுத்துக்கொண்டு ஓடிவர அவர் எதற்கு? வேட்பாளரைக் கூப்பிடுங்கள். கைகூப்பிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருவார். ஐந்து வருஷம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.