மோட்டார் பெட்டியில் பல்லி விழும் பலன்: ஒரு பிளவக்கல் கள ஆய்வு

பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களில் பல்லி விழும் பலன் அச்சாகியிருக்கும். தலை, தோள், தொடை, பாதம் என்று மனித உடம்பில் ஓரிடம் விடாமல் பல்லிக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர். ஆனால் அதே பல்லி மோட்டார் ஸ்டார்ட்டரில் விழுந்தால் என்ன பலன் என்று கௌளி சாஸ்திரத்தில் ஒரு வரி கிடையாது. இந்தப் பெருங்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக் களம், வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல். மேற்கே மலை, அடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். களத்தின் துல்லியமான எல்லை, எங்கள் தோப்பு வீட்டின் பின்சுவரில் துவைகல்லுக்கு மேலே தொங்கும் தகரப் பெட்டி. இந்த மலையில் சாம்பல் நிற அணிலுக்கு 1988-ல் சரணாலயம் கிடைத்தது. புலிக்கு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகம் வந்தது. பல்லிக்கு அரசாணை எதுவும் வரவில்லை. அது தானே பெட்டியைப் பார்த்துக் குடியேறிக்கொண்டது.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். சங்க அகப்பாடல்களில் பிரிந்து போனவன் வருவானா என்பதைப் பல்லி சொல்லும். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசை நிற்கிறது. மேலை நாட்டில் 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் மார்க் 2 கணிப்பொறியில் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சி மாட்டிக்கொண்டது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். நம்மூர் மெக்கானிக்கும் மாதம் ஒருமுறை இதே ஆராய்ச்சியைச் செய்கிறார்; செத்ததைத் துவைகல்லுக்குப் பின்னால் எறிந்துவிடுகிறார். ஆவணம் சேர்க்கும் பழக்கம் நமக்கு எப்போதுமே கம்மி. 2017-ல் ஹவாயில் கடல்நாய் மருத்துவமனை ஒன்றில், தொடுதிரை டெலிபோன் மேல் ஏறிய பல்லி ஊருக்கெல்லாம் போன் போட்டுவிட்டது. பல்லி சொல்லும் என்று சங்கப் புலவர்கள் சொன்னது வீண்போகவில்லை.

இனி பலன்கள். பல்லி முழுவதும் ஒரே வயரில் ஒட்டிக்கொண்டிருந்தால் கம்பியில் காக்கை உட்கார்ந்த மாதிரிதான், சௌக்கியம். தலை ஒரு பேஸிலும் வால் இன்னொரு பேஸிலும் பட்டால் பல்லிக்கும் ஃபியூஸுக்கும் ஒரே நேரத்தில் கண்டம். கான்டாக்டரின் இரும்பு ஒட்டும் இடத்தில் நசுங்கினால் பெட்டி உறுமிக்கொண்டே இருந்து காயில் கருகும். ஒரு முனையில் மட்டும் சிக்கி ஒரு பேஸ் வராமல் போவதுதான் அஷ்டமத்துச் சனி. மோட்டார் இரண்டு பேஸில் ஓடும். ஓவர்லோடு ரிலே கைவிட்டால் வைண்டிங் போகும். போர்வெல்லிலிருந்து பைப்பை உருவ ஆள் தேட வேண்டும். வீட்டுக்காரருக்குத் தனவிரயம், மெக்கானிக்குக்குத் தனலாபம்.

பரிகாரங்களையும் சோதித்தேன். அம்மா கட்டித் தொங்கவிட்ட முட்டை ஓட்டின் நிழலில் பல்லி பகலெல்லாம் தூங்கியது. மயிலிறகை மயிலாக அது ஏற்கவில்லை. பாச்சை உருண்டைக்கு நான்தான் தும்மினேன். வழவழப்பான தகரத்தில் ஏறாது என்ற வாதமும் செல்லாது; அதன் விரலடியில் உள்ள நுண்மயிர்கள் கண்ணாடியிலேயே நிற்கக் கூடியவை.

பெட்டிகளுக்கு ஐ.பி. என்று ஒரு தர எண் உண்டு. அதில் முதல் இலக்கம் 2 என்றால் மனித விரல் உள்ளே போகாது, அதாவது 12.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பருமனுள்ள எதுவும் நுழையாது. தரம் வகுத்தவர்கள் விரலை நினைத்தார்கள், பல்லியை நினைக்கவில்லை. இலக்கம் 4 என்றால் ஒரு மில்லிமீட்டர் கம்பிகூட நுழையாது. அப்படிப்பட்ட பெட்டியையே வாங்கி, கேபிளுக்காக அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, மெல்லிசான வயர் ஒன்றை விட்டுவிட்டு, மிச்ச இடத்தை உயிரினங்களுக்கு விட்டுக்கொடுக்கிறோம்.

கருகிய பல்லியைக் குறடால் எடுத்தபடி மெக்கானிக் சொன்னது இந்தத் துறையின் மூலநூல்: "அண்ணாச்சி, பெட்டிக்கு மேல பல்பு எரியுது, பூச்சி வருது. பூச்சி வந்தா இவரு வராம இருப்பாரா? லைட்டத் தள்ளி மாட்டுங்க, ஓட்டைய அடைங்க." ராத்திரி சுவிட்ச் தெரியட்டும் என்று அந்தப் பல்பை மாட்டியவன் நான்தான். மெயினை அணைத்துவிட்டு அன்றே வேலையில் இறங்கினேன். கேபிளுக்கு கிளாண்ட், மற்ற இடுக்குகளுக்கு எம்-சீல், காற்று போகும் துளைக்குக் கொசுவலைத் துண்டு, பல்பு பத்தடி தள்ளித் தென்னையில்.

ஒன்றரை மாதம் பெட்டி சத்தமில்லாமல் இருந்தது. ஒரு நாள் காலையில் ஆய்வின் வெற்றியைப் பதிவு செய்வோம் என்று மூடியைத் திறந்தேன். கான்டாக்டர் மேல் தீக்குச்சி நீளத்தில் ஒரு குஞ்சுப் பல்லி. ரிலேக்குப் பின்னால் இரண்டு வெள்ளை முட்டைகள், ஒன்று உடைந்தது, ஒன்று முழுசு. நான் எம்-சீல் பூசிய அன்றைக்கே அவை உள்ளே இருந்திருக்கின்றன.

மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அது இறங்கும் வரை துவைகல்லில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தென்னைக்குத் தண்ணீர் பாயும்போது மணி பதினொன்று.