மத்தப் பக்கம் ஆரு போட்ட?

என்ன மகன், மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு அக்கரைப்பற்றிலருந்து ஒருத்தன காசு குடுத்து இறக்கப் போறீங்களாம்? விக்கெட்ட அள்ளுறானாம். மெத்த நல்லம். இறக்காமத்துக்கும் ஒரு ஏலக்காரன் வேணும்தானே. ஒண்டு மட்டும் கேக்கட்டா? அவன் அள்ளக்குள்ள மத்தப் பக்கம் ஆரு போட்ட?

இலங்கைக்கு வாஸும் முரளியும் போட்ட கதை ஒனக்குத் தெரியாது, நீ அப்ப பிறக்கவே இல்ல. வாஸ் இடக்கையால போட்டுட்டு ஓடி மிதிக்கிற தடம், வலக்கைக்காரன்ட ஓஃப் ஸ்டம்புக்கு வெளிய பள்ளமாகும். மறுமுனையிலருந்து முரளி அதுலதான் குத்துவார். மிதிச்ச காலுக்கு எந்த விக்கெட்டும் எழுதுறல்ல. 2001 டிசம்பர்ல கொழும்பு எஸ்.எஸ்.சி.யில சிம்பாப்வே 38 ஓட்டத்தோட சுருண்டிச்சு. முதல் எட்டும் வாஸுக்கு. பத்தும் அவருக்குத்தான் எண்டு பார்த்துக்கிட்டிருக்க, முரளி வந்த கையோட மிச்ச ரெண்டையும் முடிச்சுட்டார். அடுத்த மாசமே கண்டி டெஸ்ட், அதே சிம்பாப்வே. முரளிக்கு ஒம்பது. பத்தாவத ஆரு எடுத்த? வாஸ்! வேணுமெண்டா செஞ்சார்? பந்து மட்டையில பட்டுக் கீப்பர் சங்கக்காரட கைக்குப் போனா அவர் என்ன செய்வார், பாவம்.

1956ல மான்செஸ்டர்ல இங்கிலாந்துட ஜிம் லேக்கர் அவுஸ்திரேலியாட 19 விக்கெட்ட எடுத்தார். கூடப் போட்ட டோனி லொக்குக்கு 69 ஓவர்ல ஒண்டே ஒண்டு. நீ அங்க தலைவரா இருந்திருந்தா அண்டு பின்னேரமே லொக்க வித்திருப்ப. அந்த மனிசன் டெஸ்ட்ல மொத்தம் 174 எடுத்தவர்.

கனடாவில இரிக்கிற பேரன் பனி ஹாக்கிப் பைத்தியம். அங்க காவலுக்கு ஆக்கள சோடியாத்தான் இறக்குற. ஒட்டாவாவில எரிக் கார்ல்சன் முன்னுக்குப் பாய்வான், மார்க் மெத்தோ பின்னால நிண்டு பார்த்துக்குவான். 2017ல வேகாஸ் கழகம் மெத்தோவத் தூக்கிட்டுப் போயிட்டு. அதுக்கு முந்தின பருவம் கார்ல்சன் களத்தில நிக்கக்குள்ள, ஒரு பக்கம் ஆள் கூடின நேரத்துக் கோல விட்டுட்டுப் பார்த்தா, போட்ட கோல் வாங்கினத விட 10 கூட. மெத்தோ போன பருவம் வாங்கினது 25 கூட! கார்ல்சனுக்குக் கால்ல ஒபரேசனும் நடந்த, அணியும் சரிஞ்ச, எல்லாப் பழியையும் சோடி பிரிஞ்சதுல போடேலா. எண்டாலும் 2018ல அவனையும் சான் ஹோசேக்கு அனுப்பிட்டாங்க.

ஒன்ட மூத்தாப்பாவும் இப்படித்தான். சோடி மாட்டுல நல்லா இழுத்த ஒண்ட மட்டும் வாங்கிட்டு வந்து, இது ஏன் இழுக்குதில்ல எண்டு வித்தவனோட மூணு போகம் சண்டை. ரத்தம் எங்க போகும்?

போறதுதான் போற, அவனோட மறுமுனையில போடுற பொடியன்ட விலையையும் சும்மா கேளு. விக்கெட் இல்லாதவன், மலிவாத்தான் வருவான். எனக்குத் தரகு வேணாம். ஒரு பிளேன்டி, சீனி கொஞ்சம் கூட.