குற்றவாளியின் பெயர் உராய்வு

மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்தது, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’. இரண்டிலும் ஜெய்சங்கர்தான் துப்பறிகிறவர். அந்தக் காலத்துத் துப்பறியும் படங்களுக்குக் காசு கம்மி. ஒன்று குதிரையாய் ஓடும், அடுத்தது நொண்டும். ஆனாலும் அவற்றில் ஒரு நாணயம் இருந்தது. கடைசி ரீலில் முகமூடி கழன்று விழும். மாலை போட்டுக்கொண்டு திரிந்த பெரிய மனுஷன்தான் கூட்டத்தலைவன் என்று தரை டிக்கெட்காரனுக்கும் தெரிந்துவிடும்.

சினிமாவுக்குப் போஸ்டர் அடித்த சிவகாசியில் இப்போது சொந்தமாகவே ஒரு துப்பறியும் தொடர் ஓடுகிறது. பக்கத்திலுள்ள ஆனைக்குட்டத்திலிருந்து எந்தப் பக்கம் பைக்கை விட்டாலும் படப்பிடிப்பு நடந்த இடம் ஒன்று வரும். முதலிப்பட்டி, 2012 செப்டம்பர் 5: பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேர் வரை செத்தார்கள், காப்பாற்ற ஓடியவர்களும் சேர்த்தி. அச்சங்குளம், 2021 பிப்ரவரி 12: இருபதுக்கு மேல். செங்கமலப்பட்டி, 2024 மே 9: பத்து. ஊர் மாறும், திரைக்கதை மாறாது.

துப்பறிகிறவர் வருவார். இடிந்த சுவரைப் பார்ப்பார். மூக்கைப் பொத்திக்கொண்டே முடிச்சை அவிழ்த்துவிடுவார்: “மருந்து கலக்கும்போது உராய்வு.” அடடா, எப்பேர்ப்பட்ட வில்லன்! உராய்வுக்கு அப்பன் பெயர் கிடையாது, விலாசம் கிடையாது, கட்சி கிடையாது. ஜாமீன்கூடக் கேட்காது.

தடயமோ கண்ணைக் குத்துகிறது. அறைக்கு இத்தனை பேர்தான் என்பது விதி. உள்ளே அதற்கு மேல் ஆள். இடம் போதாமல் மரத்தடியில் பேன்சி ரகப் பட்டாசு வேலை. நாக்பூர் வெடிபொருள் துறையின் உரிமம் ஒருத்தர் பேரில், அறைகள் ஆளுக்கொன்றாய் உள்குத்தகையில். முதலிப்பட்டி ஆலையின் உரிமத்தை விபத்துக்கு முன்பே நிறுத்திவைத்திருந்தார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை. கேட்டைப் பூட்டியிருக்க வேண்டியவர் யார் என்று கேட்டால் துப்பறிகிறவருக்குக் கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது. போர்மேனை ஜீப்பில் ஏற்றுவார். குத்தகைக்காரர் தலைமறைவு. ஆய்வுக்கு வந்து கையெழுத்துப் போட்டவர் ஒரு காட்சியிலும் தலைகாட்ட மாட்டார்.

பிறகு நிவாரணக் காசோலை. அந்தக் காட்சிக்கு மட்டும் வெளிச்சம், கேமரா, கூட்டம் எல்லாம் தாராளம். தொடரிலேயே ஒழுங்காக எடுத்த காட்சி அதுதான்.

ஐயா, முகமூடி கழலும் அந்தக் கடைசி ரீலைத்தான் கேட்கிறோம். உள்குத்தகை விட்டவர் யார், ஆய்வேட்டில் ‘சரி’ போட்டவர் யார்? நாளை விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஆலை வேனில் ஏறப்போகிற பொம்பளைகளுக்காவது அந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.