எத்தியோப்பியாவில் பூசை பார்ப்பது எப்படி?

எத்தியோப்பியாவின் லாலிபெலா ஊருக்குப் போகிறவர்களில் பலர், பாறையைக் குடைந்து செய்த 11 கிறிஸ்தவக் கோயில்களையும் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே பூசை நடக்கும்போது போய் நின்றால்தான் பயணச்சீட்டுக்குக் கொடுத்த காசு செரிக்கும். அதற்குப் பக்தி கட்டாயமில்லை. கெண்டைக்காலில் வலு இருந்தால் போதும்.

விடுதிக்காரரிடம் நேரம் கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணி" என்பார். மத்தியானம்தானே என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினால் போச்சு. எத்தியோப்பியர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறவர்கள். அவர்களுடைய 12 மணி நமக்குக் காலை 6. சூரியன் உதித்ததிலிருந்து நாழிகை எண்ணிய நம் முப்பாட்டனாருக்கு இது சட்டென்று புரிந்திருக்கும்; செல்போன் வைத்திருக்கும் நமக்குத்தான் தலை சுற்றும். தேதியைக் கேட்கவே வேண்டாம். அங்கே ஆண்டுக்கு 13 மாதம், ஆண்டுக் கணக்கோ நம்முடையதைவிட ஏழெட்டு பின்னால். "எனக்கு ஏழு வயது குறைந்துவிட்டது" என்று வீட்டில் சொல்லிப் பார்க்கலாம். எடுபடாது.

உடுப்பு வெள்ளையாக இருக்கட்டும். ஆணும் பெண்ணும் 'நெட்டலா' என்ற மெல்லிய பருத்தித் துணியைப் போர்த்தி வருவார்கள். பெண்கள் தலையையும் மூடிக்கொள்வார்கள். வேட்டி கட்டலாமா? தாராளமாக. ஆனால் ஊர் இருப்பது சுமார் 2,500 மீட்டர் உயரத்தில். விடிகாலைக் குளிர் வேட்டிக்குள் மரியாதை பார்க்காமல் நுழையும்.

வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஷூ நாடாவோடு மல்லுக்கட்டும்போது நாம் இரண்டே உதறலில் உள்ளே போய்விடலாம். அந்தப் பெருமை கம்பளத்தில் கால் வைக்கிற வரைதான். அதில் தெள்ளுப்பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. தடித்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள். பூசை நடுவே குனிந்து சொறிந்தால், கும்பிடுகிறீர்கள் என்று நினைத்துப் பக்கத்திலிருப்பவரும் குனிவார்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெஞ்சைத் தேடாதீர்கள், கிடையாது. இரண்டு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். பெரியவர்கள் கையில் உயரமான தடி இருக்கும், உச்சியில் குறுக்குக் கட்டை. அதைத் தாடைக்கோ கக்கத்துக்கோ முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொள்வார்கள். யாராவது இரக்கப்பட்டு உங்களுக்கும் ஒன்று நீட்டினால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சாய்ந்தபடி கண்ணசர வேண்டாம். பெருவிழா நாளென்றால், பாடகர்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று அதே தடிகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவார்கள். கழுத்தில் மாட்டிய பெரிய முரசு ஒற்றையாக அதிரும். உலோகக் கிலுகிலுப்பைகள் சேரும். உடல்கள் அசையும், தாளம் கொஞ்சம் கொஞ்சமாக முடுகும், கைதட்டல் கிளம்பும். இந்த இசையை 6ஆம் நூற்றாண்டின் யாரெட் முனிவர் வகுத்ததாக மரபு. கால் வலி மறந்துபோகும் இடம் இது ஒன்றுதான். வீடியோ எடுத்து அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வார்த்தை புரியவில்லையே என்று விசனப்பட வேண்டாம். பூசை மொழியான கீயஸ் இன்று யாருக்கும் தாய்மொழி இல்லை. பக்கத்தில் நிற்கும் கிழவிக்கும் முழுக்கப் புரியாது. அவர் விசனப்படுகிறாரா?

திரைக்குப் பின்னால் என்ன என்று எட்டிப் பார்க்காதீர்கள். பத்துக் கட்டளைப் பலகைகளின் பிரதியான 'தாபோத்' அங்கே இருக்கிறது. குருமார் தவிர யாரும் அதைக் காணக் கூடாது. ஜனவரியில் திம்கட் திருவிழாவுக்கு வெளியே கொண்டுவரும்போதுகூடப் பட்டுத் துணியால் மூடித்தான் தலையில் சுமப்பார்கள். கர்ப்பக்கிருகத்தைப் பார்த்துப் பழகிய நம் கழுத்து தானாக நீளும், அடக்குங்கள்.

வரிசையைக் கண்டதும் பிரசாதம் என்று நினைத்துப் போய் நிற்காதீர்கள். நற்கருணை அந்தச் சபையாருக்கு மட்டும், அதுவும் வெறும் வயிற்றோடு வந்தவர்களுக்கு. உங்கள் வயிற்றிலோ வழியில் தின்ற பிஸ்கட். கடைசியில் குருவானவர் கைச்சிலுவையை உங்கள் பக்கமும் நீட்டுவார். நெற்றியிலும் உதட்டிலும் ஒற்றிக்கொள்ளுங்கள். பிடித்துக் குலுக்க வேண்டாம்.