அடியேன் ஓர் அசாதாரணன்

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு மனுப் போட்டவர் இல்லை. ஆனாலும் மனுப் போடுகிறவனுக்கு வேண்டிய விதியை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். தன்னைத் தானே புகழ்வது புலவனுக்கு அழகில்லை. இருந்தாலும் நான்கு இடங்களில் போனால் போகிறது என்று விட்டுவிடலாம் என்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவே இருக்கும்போது, அவையில் வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கும்போது, எதிராளி நம்மைப் பழிக்கும்போது. நான்கும் ஒரே மனுவில் ஒருவனுக்கு வாய்க்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.

1990ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இபி-1ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அறிவியல், கலை, கல்வி, வணிகம், விளையாட்டு, இவற்றில் ஏதாவது ஒன்றில் உங்களுக்கு அசாதாரணத் திறமை இருந்தால் கம்பெனி தயவு இல்லாமல் உங்களுக்கு நீங்களே மனுப் போட்டு கிரீன் கார்டு கேட்கலாம். துறையின் உச்சிக்கே போய்விட்ட மிகச் சிலரில் நீங்களும் ஒருவர் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். நோபல் பரிசோ ஒலிம்பிக் பதக்கமோ கையில் இருந்தால் வேலை சுலபம். இல்லாத ஏழை பாழைகளுக்காகப் பத்து நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். அதில் குறைந்தது மூன்று தேற வேண்டும்.

இதற்கு ‘ஐன்ஸ்டீன் விசா’ என்று ஒரு பட்டப்பெயர். மெலானியா டிரம்ப் 2001-இல் இந்த இபி-1 பிரிவில்தான் கிரீன் கார்டு வாங்கினார் என்று 2018-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. என் மனைவி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஐன்ஸ்டீன் சரி. மெலானியா சரி. நடுவுல நீங்க எங்க வர்றீங்க?”

ஏதோ தலைக்கனத்தில் இறங்கினேன் என்று நினைத்துவிட வேண்டாம். என்னை அசாதாரணன் ஆக்கியது வரிசை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி மக்கள் எல்லாரும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கம். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. ஐஸ்லாந்துக்கும் அதே 7, இந்தியாவுக்கும் அதே 7. மேற்படிப்பு முடித்தவர்களுக்கான இபி-2 வரிசையில் நான் இடம் பிடித்த தேதி 2014. எந்தத் தேதிக்காரர் வரை முறை வந்திருக்கிறது என்று மாதா மாதம் வெளியுறவுத் துறை ஒரு விசா புல்லட்டின் போடும். எங்கள் ஊர்த் தமிழர்கள் பஞ்சாங்கத்தைவிட அதைத்தான் பக்தியோடு பார்ப்பார்கள். “டேட் எங்க நிக்குது?” என்பதுதான் இங்கே குசலம் விசாரிப்பு. 2025 கோடையிலும் இந்தியர்களுக்கான இபி-2 தேதி 2013 ஜனவரியில் நின்றது. சில மாதங்களில் முன்னே வந்த தேதி பின்னாலும் போகும். கேட்டோ ஆய்வு நிறுவனம் 2018-இல் கணக்குப் போட்டு, புதிதாக இந்த வரிசையில் சேருகிற இந்தியர் 150 ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்றது. அதைப் படித்த என் நண்பன், ஆயுஷ்ஹோமத்துக்கு எங்கே தொகை கட்டுவது என்று விசாரித்தான்.

இதில் ஒரு சந்து இருக்கிறது. இபி-1ஏ மனு ஒப்புதலானால் பழைய 2014 தேதியை அப்படியே தூக்கிக்கொண்டு இபி-1 வரிசைக்கு வந்துவிடலாம். இங்கே இந்தியர்களுக்கான தேதி அதே கோடையில் 2022 பிப்ரவரி. இரண்டு வரிசைக்கும் நடுவே உள்ள ஒன்பது வருஷத்தை ஒரே தாண்டாகத் தாண்டலாம். மகளுக்கு 21 வயதாகிவிட்டால் அவள் எங்கள் மனுவிலிருந்து விழுந்துவிடுவாள் என்ற பயமும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. ஆகவே, அசாதாரணன் ஆவதைத் தவிர வேறு வழியில்லை.

என் தொழில் பிரேக். மிச்சிகனில் கார்களுக்கு ஏபிஎஸ் மென்பொருள், அதாவது பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள், எழுதுகிற கூட்டத்தில் ஒருவன். மின்னணு ஏபிஎஸ்ஸை 1978-இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் கொண்டுவந்துவிட்டது. பெரிய கண்டுபிடிப்பெல்லாம் அப்போதே முடிந்தது. எங்களுக்கு விட்டுவைத்தது ஓரங்களைத்தான். ஓரம் என்றால் நிஜமாகவே சாலையோரம். குளிர்காலத்தில் சாலையின் நடுப்பகுதி காய்ந்திருக்கும், ஓரத்தில் பனிக்கட்டி படிந்திருக்கும். இடது சக்கரங்கள் தாரில், வலது சக்கரங்கள் பனியில். அந்த நேரம் பார்த்து பிரேக்கை அமுக்கினால் இடது பக்கம் கவ்விக்கொள்ளும், வலது பக்கம் வழுக்கும். வண்டி வெடுக்கென்று இடது பக்கம், அதாவது எதிரே லாரி வருகிற பக்கம், திரும்பும். அப்படித் திரும்பாமலிருக்க, நன்றாகப் பிடிக்கிற முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை ஒடித்துச் சமாளிக்க நொடியில் ஒரு பங்கு அவகாசம் கிடைக்கும். அந்தத் தாமதம் எவ்வளவு என்று கணக்கிடும் ஒரு முறைக்கு என் பெயரில் பேட்டன்ட் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், ஒரு காரியத்தை எவ்வளவு தாமதமாகச் செய்யலாம் என்பதில் நான் நிபுணன். குடியேற்றத் துறை இந்த விஷயத்தில் என்னைவிட சீனியர்.

சங்கடம் என்னவென்றால், என் வேலை ஒழுங்காக நடந்தால் ஒன்றுமே நடக்காது. வண்டி நேராக நிற்கும். ஓட்டினவர் “நல்லவேளை” என்று சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஜனவரியில் மிச்சிகனின் வடக்கே அப்பர் பெனின்சுலாவுக்குப் போய், உறைந்த தடத்தில் நாள் முழுக்க பிரேக் அடித்து, விரல் விறைத்துத் திரும்பி வந்தால் கையில் இருப்பது ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்ற அறிக்கை. நடக்காத விஷயத்துக்கு நாடு போற்றும் புகழ் எப்படி வரும்?

லாயர் பத்து நிபந்தனைகளையும் என் முன்னால் பரப்பி வைத்தார். கலைக் கண்காட்சியில் உங்கள் படைப்பு வைக்கப்பட்டிருக்கிறதா? இல்லை. நிகழ்த்து கலையில் பாக்ஸ் ஆபீஸ் வசூல் உண்டா? அது ரஜினிக்கு உதவும். உங்களைப் பற்றிப் பெரிய பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்களா? தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் மலரில் என் படம் வந்திருக்கிறது, உறியடிக்கும்போது. லாயர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. சாதனையாளர்களை மட்டும் சேர்க்கிற சங்கத்தில் உறுப்பினரா? மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐஇஇஇ-யில் சீனியர் மெம்பர் என்று பெருமையாகச் சொன்னேன். சீனியர் மெம்பர் போதாது, ஃபெலோவாக இருந்தால் பேசலாம் என்றார்.

அதிகச் சம்பளமும் ஒரு நிபந்தனை. அதற்காகச் சம்பளச் சான்றுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது திருநெல்வேலியிலிருந்து அம்மா போனில் இருந்தாள். என் அக்காவுக்கே என் சம்பளம் தெரியாமல் காத்தவள். “எய்யா, சம்பளத்தையெல்லாமா எழுதிக் குடுக்க? கண்ணு பட்டுரும்யா.”

“டாக்ஸ் பிடிக்கறவங்களுக்குத் தெரியாத சம்பளமா அத்தை?” என்றாள் மனைவி.

அம்மாவின் கவலை வீண் போகவில்லை. எங்கள் வட்டாரத்து எஞ்சினியர்களின் சம்பளப் புள்ளிவிவரத்தோடு என்னுடையதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதைக் காட்டாமல் இருப்பதே நல்லது என்று லாயர் கவரை மூடிவிட்டார். கண்ணேறு படும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

கடைசியில் மூன்று தேறின. ஆராய்ச்சிக் கட்டுரைகள், பேட்டன்ட், பிறர் கட்டுரைகளை மதிப்பீடு செய்தது. எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் கருத்தரங்குகளுக்கு வரும் கட்டுரைகளைப் பல வருஷமாக இரவில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கிறேன். காசு கிடையாது, ‘நன்றி’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். அந்த நன்றிகளைப் பழைய அஞ்சல் குவியலிலிருந்து தோண்டி எடுத்தோம். மதிப்பிட அழைத்தார்கள் என்று காட்டினால் போதாது, மதிப்பிட்டு முடித்ததற்கு அத்தாட்சி வேண்டும். கல்யாணப் பத்திரிகையை மட்டும் வைத்துக்கொண்டு கல்யாணம் நடந்தது என்று சொல்ல முடியாது அல்லவா?

நான் இந்த முயற்சியில் இருப்பது காற்றுவாக்கில் போய்விட்டது போலிருக்கிறது. ஒரு பக்கம் விருதுகள் வர ஆரம்பித்தன. உலகத் தலைவர்களில் ஒருவராக என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக ஒரு கடிதம். கேடயத்துக்கு ஒரு தொகை, மேடையேறி வாங்குவதென்றால் இன்னொரு தொகை, மனைவிக்குச் சாப்பாடு தனி. நான் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பிக்காதவனைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு அவர்கள் நடுநிலையானவர்கள். இப்படிப்பட்ட கேடயங்களை இன்றைக்கு அதிகாரிகள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று லாயர் சொன்னதால் தப்பித்தேன். நண்பர் ஒருவர் வீட்டு ஷோகேஸில் கொலு மாதிரி வைத்திருக்கிறார்.

பரிந்துரைக் கடிதங்கள்தான் என்னைப் படாத பாடு படுத்தின. என்னோடு வேலை பார்க்காதவர்கள், என் வேலையை மட்டும் அறிந்தவர்கள் எழுதினால் மதிப்பு அதிகம். ஜெர்மனியில் பிரேக் துறையின் பெரிய தலை ஒருவருக்குக் கூச்சத்தோடு எழுதினேன். அரைப் பக்கத்தில் பதில் வந்தது. அதன் சாரம்: “இந்த முறையைச் சோதித்தோம். வேலை செய்கிறது.” எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அவர் யாரைப் பற்றியும் இவ்வளவு சொன்னதில்லை. லாயருக்குக் கலங்கவில்லை. அமெரிக்க நண்பர் எழுதியதில் ஒவ்வொரு வரியிலும் ‘அற்புதம்’. ஆனால் அவர் கேண்டீன் சூப்பையும் அற்புதம் என்றுதான் சொல்வார். ஊரில் என் பழைய பேராசிரியரையும் கேட்டேன். அவர் கைப்பட எழுதி, ரப்பர் ஸ்டாம்பு குத்தி ஸ்கேன் செய்து அனுப்பினார். நான் வகுப்புக்கு ஒழுங்காக வந்தேனாம், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவனாம், அவருக்குத் தெரிந்தவரை என் நடத்தை நன்று. என்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் உச்சபட்சப் பாராட்டே “பரவாயில்லையே” என்பதுதானே. அதை நெப்ராஸ்காவில் உட்கார்ந்திருக்கும் குடியேற்றத் துறை அதிகாரிக்கு யார் விளக்குவது?

மனு ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது. பதினைந்து வேலை நாளில் பதில் வேண்டுமென்றால் அப்போது தனியாக 2,805 டாலர் கட்ட வேண்டியிருந்தது, கட்டினோம். பதினைந்து நாளுக்குள் பதில் வந்தது, ஆர்.எஃப்.இ. என்ற வடிவத்தில். இன்னும் ஆதாரம் கொடு என்று பொருள். கசாரியன் என்ற இயற்பியலாளர் போட்ட வழக்கில் 2010-இல் வந்த தீர்ப்பிலிருந்து இது இரண்டு சுற்றுப் பரீட்சை. மூன்று நிபந்தனை தேறுகிறதா என்பது முதல் சுற்று. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஆள் உண்மையிலேயே உச்சியில் இருக்கிறாரா என்பது இரண்டாம் சுற்று. அந்த வழக்கில் கசாரியன் தோற்றுப்போனார். அவர் பெயரைச் சொல்லித்தான் இன்றும் எல்லாரையும் வடிகட்டுகிறார்கள்.

எனக்கு வந்த கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் முறையால் உங்கள் முதலாளிக்குப் பயன் உண்டு என்பது தெரிகிறது; அதனால் துறை முழுவதும் என்ன மாறியது என்பது தெரியவில்லை. இரவு முழுக்கத் தூக்கமில்லை. “கேட்டதுல என்ன தப்பு? எனக்கும்தான் தெரியல” என்றாள் மனைவி. பவணந்தியின் நான்காவது இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

பதில் சொல்ல 84 நாள் அவகாசம். லாயர் ஆபீஸில் இருந்த ஒரு சின்னப் பெண் பேட்டன்ட் ஆவணங்களைக் குடைந்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். போட்டிக் கம்பெனி ஒன்று தன் பேட்டன்டில் என்னுடையதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. ஆவலோடு படித்தேன். என் முறை வளைவுகளில் தடுமாறுகிறது, ஈரத்தில் அளவுக்கு மீறித் தாமதிக்கிறது, அந்தக் குறைகளையெல்லாம் தாங்கள் நீக்கிவிட்டோம் என்று இரண்டு பத்திக்கு என்னைத் துவைத்திருந்தார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து லாயர் சிரித்தார். “இதைவிட நல்ல கடிதம் கிடைக்காது. உங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.” தேடத் தேட இன்னும் சிலர் திட்டியிருந்தார்கள். எல்லாத் திட்டுகளையும் மஞ்சள் கோடு போட்டு, பக்க எண் கொடுத்து அனுப்பினோம். ஒப்புதல் வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். “நல்லதுய்யா. யார்ட்டயும் சொல்லிக்கிடாத.”

ஆபீஸில் அந்த மாதம்தான் வருடாந்திர மதிப்பீடு. மேனேஜர் ஐந்து கட்டங்களில் நடுக்கட்டத்தில் டிக் அடித்திருந்தார்: எதிர்பார்த்த அளவுக்கு இருக்கிறார். அமெரிக்க அரசாங்கம் வேறு மாதிரி நினைக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏதோ ஒரு குளிர்காலத்தில் அவருடைய காரும் ஓரத்துப் பனியில் ஒரு தரம் நேராக நின்றிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது.

சேதி எப்படியோ பரவி, இப்போது நானே கடிதம் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். போன வாரம் நோவை நகரத்து வெங்கடேஸ்வரர் கோயில் பார்க்கிங்கில் ஒரு பையன் வழிமறித்தான். பேட்டரி எஞ்சினியர், மதுரைப் பக்கம். அவனுடைய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், கெட்டிக்காரன். “அண்ணே, நீங்கதான் ஒரு லெட்டர் குடுக்கணும். பாயின்ட்ஸ் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். நீங்க உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கங்க.”

வீட்டுக்கு வந்து படித்தேன். இந்தக் கடிதங்களில் முதல் பத்தி எப்போதுமே எழுதுகிறவரின் தகுதியைப் பற்றி. வாகனக் கட்டுப்பாட்டுத் துறையில் உலகம் அறிந்த வல்லுநர், ஒரு தலைமுறையின் பிரேக் அமைப்புகளுக்கு வழி வகுத்தவர், அமெரிக்க அரசாலேயே அசாதாரணத் திறமை உள்ளவர் என்று அங்கீகரிக்கப்பட்டவர் என்று போட்டிருந்தான். மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, “யாருங்க இது?” என்றாள்.

அவனைப் பற்றிய பத்திகளில் மிகை தெரிந்த இடங்களையெல்லாம் பேனாவால் அடித்தேன், ஆதாரம் இல்லாத இரண்டு வரியை எடுத்தேன், ‘புரட்சி’ என்ற சொல்லை நீக்கிவிட்டு அந்த பேட்டரி என்ன செய்தது என்று எழுதினேன். முதல் பத்தியில் கை வைக்கவில்லை.